பழைய கோ கணக்குகளை ஆப்லயும் கம்ப்யூட்டர்லயும் எப்படிப் படிக்கறது?

தேவாலாவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. கோங்கற பலகை ஆட்டம் ஆட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு, தினமும் போன்ல ஆப் வெச்சு கணக்கு, அதாவது அந்த ஆட்டத்தோட புதிர், போடறாரு, ஆப்ல லெவல் ஏறிக்கிட்டே இருக்கு, ஆனா நிஜ ஆட்டத்துல அதே மாதிரி மூலையில காய் செத்துப் போகுது. பழைய சைனா, ஜப்பான் கணக்குத் தொகுப்புகளைப் படிச்சா இது சரியாகுமா, அதுக்கு எந்த டூல் நல்லது, ஏஐ கிட்டயே கேட்டுட்டா போதாதா, மழைக்காலம் ஆரம்பிச்சா அங்க நெட்டும் கரண்ட்டும் சொல்லாம கொள்ளாம போயிடுது, அதுக்கு என்ன வழின்னும் கேட்டிருக்காரு.

தம்பி, உங்க கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. ஆப்ல லெவல் ஏறுது, ஆட்டத்துல ஏறலன்னா, ஆப் உங்க கிட்ட இருந்து வாங்கற வேலை வேற, ஆட்டம் வாங்கற வேலை வேறன்னு அர்த்தம். ஆப்ல தொட்டுப் பாக்கலாம், தப்புன்னா சிவப்பு காட்டும், அடுத்த இடத்தைத் தொடலாம். ஒரு மூலையில யோசிக்க வேண்டிய இடம் மொத்தமே ஆறேழுதான் இருக்கும், அதுல நாலைத் தொட்டா ஒண்ணு சரியா வந்துடும், வந்ததும் பச்சை விளக்கு, மனசு ஜெயிச்ச மாதிரி நிறைஞ்சிடும். ஆட்டத்துல ஒரு தடவை வெச்ச காயை எடுக்க முடியாது. பழைய கணக்குகளை எழுதினவங்க எதிர்பார்த்தது காயைத் தொடாம, கண்ணால மட்டும், கடைசி வரைக்கும் பார்த்து முடிக்கறதைத்தான். அதனால நான் சொல்லப்போற எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு. டூல் உங்களுக்கு எதிராளியா இருக்கணும், விடைத்தாளா இருக்கணும், ஆனா உங்களுக்கு பதிலா யோசிக்கற இடத்துக்கு அதை விடக்கூடாது. விரல் மூளைக்கு முன்னாடி போகாம இருந்தா எந்த டூலும் நல்ல டூல்தான்.

கோ தெரியாதவங்களும் இதைப் படிப்பாங்க, அவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். 19க்கு 19 கோடு போட்ட பலகை, கோடுகள் வெட்டற புள்ளியில காய் வைக்கணும், வெச்ச காய் நகராது. ஒரு காய்க்கோ ஒட்டி நிக்கற கூட்டத்துக்கோ பக்கத்துல இருக்கற காலிப் புள்ளிகள்தான் அதுக்கு மூச்சு, எதிராளி அத்தனையையும் அடைச்சுட்டா கூட்டம் மொத்தமும் பலகையை விட்டு வெளிய. நம்ம ஆடுபுலி ஆட்டத்துல ஆடுங்க புலியை வெட்டறதில்ல, நகர வழியில்லாம சுத்தி அடைக்குதுல்ல, கோவுல ரெண்டு பக்கமும் ஆடுதான்னு வெச்சுக்கோங்க. உள்ள தனித்தனியா ரெண்டு கண், அதாவது எதிராளி ஒரே நேரத்துல அடைக்க முடியாத ரெண்டு காலிப் புள்ளி இருந்தா அந்தக் கூட்டம் சாகவே சாகாது. இந்த ரெண்டு கண்ணை எப்படி உண்டாக்கறது, எதிராளிக்கு எப்படி உண்டாகாம பண்றதுங்கறதுதான் சாவு வாழ்வு கணக்கு, ஜப்பான்காரங்க ட்சுமேகோன்னு சொல்றது.

இப்ப ஒரு கணக்கை கையில எடுத்துப் பார்ப்போம், இது தெரியாம பழைய தொகுப்பைத் திறக்கறதுல பிரயோஜனம் இல்ல. பலகையோட ஓரத்துல இருந்து ரெண்டாவது கோட்டுல கறுப்பு வரிசையா நிக்குது, மேல மூணாவது கோட்டுல வெள்ளை, ரெண்டு முனையிலயும் வெள்ளை, கறுப்புக்கு மிச்சம் இருக்கறது அடியில முதல் கோட்டுல இருக்கற புள்ளிங்க மட்டும்தான். ஆறு காய் நின்னா செத்துச்சு, எட்டு நின்னா பிழைச்சுச்சு, ஏழுன்னா யார் முதல்ல ஆடறாங்களோ அவங்க கையில. கோ ஆடறவங்க எல்லாரும் இதை மனப்பாடமா சொல்லுவாங்க, ஆனா ஏன்னு கேட்டா பாதிப் பேர் முழிப்பாங்க.

ஏழு காயை எடுத்துக்கோங்க, வெள்ளை முதல் ஆட்டம் (ஆட்டம்னா இங்க ஒரு தடவை காய் வைக்கறது). வெள்ளை ஒரு முனையில முதல் கோட்டுல வளைஞ்சு உள்ள வருது, அதான் ஹானே. கறுப்பு அதுக்கு அடுத்த புள்ளியில தடுக்குது. வெள்ளை இன்னொரு முனையிலயும் அதே மாதிரி வருது, கறுப்பு தடுக்குது. இப்ப ஏழுல நாலு போச்சு, உள்ள மிச்சம் மூணு புள்ளி, ஆட்டம் வெள்ளையோடது, நடுப் புள்ளியில வெச்சா முடிஞ்சுது, ரெண்டு கண் வராது. இதே ஏழுல கறுப்பு முதல்ல ஆடினா ஒரு முனையில முதல் கோட்டுக்கு இறங்கிடும், வெள்ளை இன்னொரு முனையில வரும், கறுப்பு தடுக்கும், உள்ள நாலு புள்ளி வரிசையா நிக்கும். வரிசையா நாலுன்னா நடுவுல ரெண்டு புள்ளி இருக்கு, வெள்ளை ஒண்ணை எடுத்தா கறுப்பு இன்னொண்ணை எடுக்கும், பிழைச்சுடும். ஆறு காய்ல கறுப்பு முதல்ல ஆடினா கூட, இறங்கி, தடுத்து, உள்ள மூணுதான் மிஞ்சும், ஆட்டம் வெள்ளை கையில, நடுவுல வெச்சுடும். எட்டுன்னா வெள்ளை முதல்ல ரெண்டு பக்கமும் வளைஞ்சாலும் நாலு மிஞ்சும்.

இதை நீங்க படிச்சு "ஓ சரி"ன்னு போயிடாதீங்க. சபாகின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, லேப்டாப்ல ஓடும், அதுல இந்த நிலையை நீங்களே அடுக்குங்க, ஏழு காய் வெச்சு ரெண்டு பக்கமா ஆடிப் பாருங்க, அப்புறம் ஒரு காயை எடுத்துட்டு ஆறாக்கி ஆடுங்க, அப்புறம் ஒரு முனையில நிக்கற வெள்ளையை மட்டும் தூக்கிட்டு என்ன மாறுதுன்னு பாருங்க. புத்தகத்துல அச்சடிச்ச படத்துல இதைப் பண்ண முடியாது. கணக்குல ஒரு காயை நகத்தினா விடை எப்படி மாறுதுன்னு உடனே பார்க்கலாம்ங்கறதுதான் டூலோட பெரிய வரம்னு நான் நினைக்கறேன். ஆனா இந்த வசதியைப் பயன்படுத்தறவங்க ரொம்பக் கம்மி, எல்லாரும் அடுத்த கணக்கு பட்டனைத்தான் தட்டறாங்க.

சரி, பழைய தொகுப்புகளுக்கு வருவோம். நீங்க 'ஷுவான்ஷுவான் சீஜிங்' படிக்கணும்னு சொல்லியிருந்தீங்க. யுவான் வம்சக் காலத்துல, 1349 வாக்குல, யான் தெஃபு, யான் தியான்ஜாங்னு ரெண்டு பேர் சேர்ந்து தொகுத்தது, ஜப்பான்ல கென்கென் கோக்யோன்னு சொல்லுவாங்க. முந்நூறுக்கு மேல கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் கதை மாதிரி பேரு, ஒரு கணக்குக்கு மிங்ஹுவாங் பேரரசர் நிலா அரண்மனைக்குப் போறதுன்னு பேரு வெச்சிருக்காங்க. அழகுன்னா அழகு, சந்தேகமே இல்ல. ஆனா ஒரு வருஷம் ஆடினவங்களுக்கு அதை முதல் தொகுப்பா நான் கொடுக்க மாட்டேன். அதுல நிறைய கணக்கு நாலைஞ்சு ஆட்டம் ஆழத்துல ஒரு திருப்பம் வெச்சிருக்கும், அந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியணும்னா சாதா வடிவங்கள் எல்லாம் முன்னாடியே கைவசம் இருக்கணும், இல்லன்னா விடையைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் சேராது.

முதல்ல 'கோக்யோ ஷூம்யோ' எடுங்க. ஜப்பான்ல ஹயாஷி வீட்டைச் சேர்ந்த ஹயாஷி கென்பி 1812ல வெளியிட்டது, 520 கணக்கு. அந்தக் காலத்துல ஹொனின்போ, இனோவே, யசுயி, ஹயாஷின்னு நாலு கோ வீடுகள் அங்க இருந்துச்சு, அரசாங்கத்தோட உதவித்தொகையில ஆட்டமே தொழிலா வாழ்ந்தவங்க. இந்தத் தொகுப்போட நல்ல குணம், பிழைக்கறது, கொல்றது, கோ சண்டை (இது ஆட்டத்தோட பேரு இல்ல, ஒரே காயை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பிடிக்கறது), மூச்சுப் பந்தயம் (யாரோட மூச்சு முதல்ல அடைபடுதுங்கற போட்டி)னு வகை பிரிச்சு வெச்சிருக்கறது. ஒரே வகையை வரிசையா போடும்போது கண்ணு அந்த வகைக்குப் பழகும், அப்புறம் கலந்து போட்டா எந்த வகைன்னு கண்டுபிடிக்கறதே பாதி வேலைன்னு புரியும். கணக்குகளும் சின்னது, காய் கம்மி, போன் திரையில பார்க்கவே சுகமா இருக்கும்.

அதுக்கு அடுத்து 17ஆம் நூற்றாண்டு சைனாவோட 'குவான்ஸி பு', குவோ பைலிங் தொகுத்தது, 1400க்கு மேல கணக்கு இருக்கு, அது சாவு வாழ்வு மட்டும் இல்லாம கடைசிக் கட்டத்துல புள்ளி பிடுங்கற கைவேலை நிறைய சொல்லித்தரும். அது பாட்டுக்கு ஓரமா ஓடட்டும்.

உச்சத்துல இருக்கறது 'இகோ ஹாட்சுயோரோன்'. இனோவே வீட்டுத் தலைவர் தோசெட்சு இன்செகி 1713ல முடிச்சது, 183 கணக்கு, வீட்டுக்குள்ள தேர்ந்த சிஷ்யர்களுக்கு மட்டும்தான் காட்டுவாங்களாம், அவ்வளவு ரகசியம். அதுல 120வது கணக்கு ஒண்ணு இருக்கு, பலகை முழுக்கப் பரவின கணக்கு, ஃபுஜிசாவா ஹிதேயுகி மாதிரி பெரிய தொழில்முறை ஆட்டக்காரரே சிஷ்யர்களோட உக்காந்து 1982ல அதுக்கு விடை தேடினாரு, அதுக்கப்புறம் ஐரோப்பாவுல அமெச்சூர் ஆட்டக்காரங்க வருஷக்கணக்கா தோண்டி அவங்க பார்க்காத ஆட்டங்களைக் கண்டுபிடிச்சாங்க. இப்ப நீங்க இதைத் திறக்க வேண்டாம், இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா போதும், ஏஐ பத்தி பேசும்போது இதுக்குத் திரும்ப வருவேன்.

இனி டூல்கள். பிரவுசர்ல ஆடறதுக்கு ஆன்லைன் கோ சர்வர்ல பசில் பகுதி இருக்கு, இலவசம், சுத்தமா இருக்கும். கோ ப்ராப்ளம்ஸ் டாட் காம் ரொம்பப் பழைய தளம், ஆளுங்களே கணக்கு ஏத்தறது, அதனால தரம் ஏறி இறங்கும், ஆனா ஒவ்வொரு கணக்குக்கும் அடியில ஆளுங்க "இங்க ஆடினா ஏன் சரியில்ல"ன்னு சண்டை போட்டு எழுதியிருப்பாங்க பாருங்க, அந்தச் சண்டையைப் படிக்கறது தனிப் பாடம். 101வெய்ச்சின்னு சைனாக்காரங்களோட தளம் பெரிய கடல், பழைய தொகுப்புகள் கொட்டிக் கிடக்கு, பெரும்பாலும் சீன எழுத்துல இருக்கும், பிரவுசர் மொழிபெயர்ப்பைப் போட்டுக்கிட்டா ஒரு மணி நேரத்துல பட்டன் எல்லாம் பழகிடும். ட்சுமேகோ ஹீரோன்னு ஒண்ணு, தப்பா ஆடினா இதயம் குறையும், இதயம் தீர்ந்தா அப்புறம்தான் வரணும். சின்னப் பசங்களுக்கு அது பிடிக்கும், அந்த இதயம் குறையற பயத்துல கொஞ்சம் யோசிச்சு ஆடறாங்கங்கறதால நான் அதுக்கு ஒரு மார்க் கூடக் கொடுப்பேன். போன்ல நெட் இல்லாம ஓடணும்னா ட்சுமேகோ ப்ரோ, கணக்கை எல்லாம் போனுக்குள்ளயே வெச்சுக்கும்.

இந்த ட்சுமேகோ ப்ரோ மாதிரி டூல்ல எனக்குப் பிடிச்சது, நீங்க தப்பா ஆடினா வெறும் சிவப்பு காட்டாம எதிராளியா பதில் ஆடி எப்படிச் சாகறீங்கன்னு காட்டும். இதைத்தான் நீங்க எந்த டூல் எடுத்தாலும் முதல்ல பார்க்கணும். தப்பு ஆட்டத்துக்கு பதிலடி காட்டுதா? காட்டலன்னா அந்த டூல் பாதி டூல்தான். ஏன்னா சரியான விடை ஒண்ணு, தப்பு பத்து, ஆட்டத்துல நீங்க சந்திக்கப்போறது அந்தப் பத்தைத்தான், உங்க எதிராளியும் புத்தகத்துல இருக்கற மாதிரி ஆட மாட்டாரு.

இதோட சேர்ந்த ஒரு சிக்கலும் இருக்கு. டூலுக்குள்ள யாரோ ஒருத்தர் கிளை கிளையா எழுதி வெச்சதுதான் ஓடுது. அவர் எழுதாத கிளையில நீங்க போனா, நீங்க ஆடினது நிஜமாவே வேலை செஞ்சாலும் "தப்பு"ன்னுதான் வரும். சில கணக்குக்கு ரெண்டு விடை இருக்கும், ஒண்ணைத்தான் பதிஞ்சிருப்பாங்க. பழைய புத்தகங்கள்லயே விடை தப்பாப்போன கணக்குகள் இருக்கு, பின்னாடி வந்தவங்க கண்டுபிடிச்சு சொல்லியிருக்காங்க. அதனால சிவப்பு வந்ததும் "சரி, நான் தப்பு"ன்னு ஒத்துக்காதீங்க. எதிராளி எந்த ஆட்டத்தால என்னைக் கொல்றான்னு காட்டுன்னு கேளுங்க, டூல் காட்டலன்னா நீங்களே வெள்ளையா உக்காந்து தேடுங்க, கிடைக்கலன்னா அந்தக் கணக்கைத் தனியா எடுத்து வைங்க. அப்படி எடுத்து வெச்ச கணக்குகள்தான் ஏஐ கிட்ட கொண்டு போக லாயக்கானது.

ஏஐ விஷயத்துல ரொம்பப் பேர் குழம்பியிருக்காங்க. 2016 மார்ச்ல ஆல்ஃபாகோங்கற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் சியோல்ல கொரியாவோட பெரிய ஆட்டக்காரர் லீ செடோலை 4க்கு 1னு ஜெயிச்சதுல இருந்து, கம்ப்யூட்டர் சொன்னா வேதம்னு ஒரு நினைப்பு. கட்டாகோன்னு டேவிட் வூ எழுதின ப்ரோக்ராம் 2019ல இருந்து இலவசமாவே கிடைக்குது, சாதா லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லன்னா கூட ஐகன்னு சொல்ற பதிப்பு ஓடும், மெதுவா ஓடும், ஆனா ஒரு மூலைக் கணக்குக்கு அது தாராளம். கட்ரெய்ன்னு ஒரு சாஃப்ட்வேர் வழியா அதைப் பயன்படுத்தினா திரையில எல்லாம் வண்ணப் புள்ளியா காட்டும்.

ஆனா கட்டாகோவுக்கு மூலைக் கணக்கை அப்படியே கொடுத்தா அது மூலையைப் பார்க்காது. ஆட்டத்தை ஜெயிக்கறதுதான் அதோட வேலை, மீதிப் பலகை காலியா கிடந்தா அது "இந்த மூலை போனா போகட்டும், அங்க பெருசா இடம் இருக்கு"ன்னு வெளிய போய் ஆடும். நீங்க அதைப் பார்த்து கணக்கோட விடை வெளிய ஆடறதுன்னு நினைச்சுக்குவீங்க. இதுக்காகத்தான் கட்ரெய்ன்ல ட்சுமேகோ ஃப்ரேம்னு ஒரு வசதி வெச்சிருக்காங்க, மீதிப் பலகையை கறுப்பு வெள்ளைக் காயால நிரப்பி, இந்த மூலையில யார் ஜெயிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் ஆட்டம்ங்கற மாதிரி கட்டிக் கொடுக்கும். அதைப் போடாம ஏஐ கிட்ட கணக்கு கேக்காதீங்க.

ஃப்ரேம் போட்டாலும் ரெண்டு இடத்துல கவனம் வேணும். ஒண்ணு கோ சண்டை, அதான் ஒரே காயை மாத்தி மாத்திப் பிடிக்கறது, உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாதுங்கறதால வேற எங்கயாவது மிரட்டல் ஆட்டம் ஆடிட்டு வரணும். பழைய புத்தகம் "விடை: கோ"ன்னு ஒரு வார்த்தையில சொல்லிடும். ஏஐ அப்படிச் சொல்லாது, சதவீதத்தைத்தான் காட்டும், அந்தச் சதவீதம் பலகையில யாருக்கு எத்தனை மிரட்டல் இருக்குங்கறதைப் பொறுத்து மாறும். 50க்குப் பக்கத்துல இழுபறியா ஆடிக்கிட்டு இருந்தா கோ வருதோன்னு நீங்களே ஆடிப் பார்த்து முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு, கண்ணுக்கு விசித்திரமா இருக்கற ஆட்டங்கள். வேணும்னே நாலு காயைச் சாகக் கொடுத்து, எதிராளி அதை எடுத்ததும் அந்தக் காலியான இடத்துக்குள்ளயே திரும்ப வெச்சு வெட்டற வித்தை பழைய கணக்குகள்ல நிறைய வரும், இஷினோஷிதான்னு பேரு. ஏஐ முதல் பார்வையில எந்த இடம் நல்லா இருக்கும்னு ஒரு கணிப்பு போட்டுட்டுத்தான் தோண்டவே ஆரம்பிக்கும், இந்த மாதிரி ஆட்டங்களுக்கு அந்தக் கணிப்பு ரொம்பக் குறைவா வரும், அதனால ரெண்டு செகண்ட் பார்த்துட்டு "ஏஐயே செத்துச்சுன்னு சொல்லிடுச்சு"ன்னு முடிவு கட்டினா ஏமாந்து போவீங்க. கொஞ்ச நேரம் ஓட விடுங்க, இல்லன்னா சந்தேகப்படற இடத்துல நீங்களே காயை வெச்சு அதுக்கு அப்புறம் அது என்ன சொல்லுதுன்னு பாருங்க. மேல சொன்ன ஹாட்சுயோரோன் 120வது கணக்குக்கு சாதா கட்டாகோ சரிப்படலன்னு டேவிட் வூ அந்த ஒரு கணக்குக்காகவே தனியா அதைப் பயிற்சி கொடுத்து வளர்த்தாரு. 1713ல ஒரு மனுஷன் காயை அடுக்கி யோசிச்ச கணக்குக்கு இன்னிக்கு உலகத்தோட பலமான ப்ரோக்ராமை உக்கார வெச்சு ஸ்பெஷல் ட்யூஷன் எடுக்க வேண்டியிருந்துச்சு, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலத்து ஆளுங்க மேல மரியாதை கூடிக்கிட்டேதான் போகுது.

ஆக ஏஐயை எப்பக் கூப்பிடறதுன்னா, நீங்க முழுசா யோசிச்சு, டூல் சொன்ன விடையையும் பார்த்து, அதுக்கப்புறமும் "என் ஆட்டம் ஏன் வேலை செய்யல"ன்னு மிச்சம் நிக்கற கேள்விக்கு மட்டும். நிலையை ஏத்தின உடனே ஏஐயைப் போட்டுடாதீங்க, அது நீல வட்டம் காட்டின அப்புறம் உங்க கண்ணு வேற இடத்தைப் பார்க்கவே பார்க்காது.

சரி, தினசரி எப்படிப் படிக்கறதுன்னு. கோத்தகிரியில நாங்க நாலைஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை மதியம் உக்காந்து ஆடறோம், பள்ளிக்கூடப் பசங்களும் வருவாங்க, எங்க கூட்டத்துல ஒரே ஒரு கட்டுப்பாடுதான், கணக்கு திரையில வந்ததும் போனை மேசையில வெச்சுட்டு கையைக் கட்டிக்கணும். முதல் ஆட்டம் எங்க, அதுக்கு எதிராளியோட பலமான பதில் எது, உங்க மூணாவது ஆட்டம் எது, இதை வாயால சொல்லணும். அப்புறம் எதிராளிக்கு ரெண்டாவதா ஒரு பதில் இருந்தா அதுக்கும் சொல்லணும். சொல்லி முடிச்சாத்தான் போனைத் தொடலாம். தொட்டு ஆடும்போது நீங்க சொல்லாத பதிலை டூல் ஆடிட்டா, கடைசியில பச்சை வந்தாலும் அந்தக் கணக்கு போடலன்னுதான் கணக்கு. இது கேக்கறதுக்கு கறாரா இருக்கும், ஆனா இப்படிப் பழகின பசங்க ஆட்டத்துல மூலையைப் பார்க்கற பார்வையே மாறிடுது, எதிராளி ஆடறதுக்கு முன்னாடியே "அவன் இங்க வந்தா"ன்னு யோசிக்க ஆரம்பிச்சுடறாங்க.

தனியா படிக்கறப்ப வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்தா ஒரு நோட்டுல எழுதுங்க. யோசிக்க ஆரம்பிக்கற வரிசையும் சொல்றேன். முதல்ல வெளியில இருந்து இடத்தைச் சுருக்க முடியுமான்னு பாருங்க, ஹானேவுல சாவு இருக்குன்னு கோ பழமொழியே உண்டு, ஏழு காய் கணக்குல பார்த்தீங்கல்ல. அது ஆகலன்னா உள்ள நடுப் புள்ளி. மூலைன்னா ஒரு ஓரத்துல இருந்து முதல் கோடும் இன்னொரு ஓரத்துல இருந்து ரெண்டாவது கோடும் வெட்டற அந்த ஒண்ணு ரெண்டு புள்ளியைக் கட்டாயம் பாருங்க, மூலையில மூச்சு குறைவுங்கறதால வித்தை எல்லாம் அங்கதான் நடக்கும். அப்புறம் வெளிய கறுப்புக்கு எத்தனை மூச்சு மிச்சம்னு எண்ணுங்க. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. உள் வடிவம் ஒரே மாதிரி இருந்தாலும் வெளிய ஒரு மூச்சு அடைபட்டா பிழைச்ச கூட்டம் கோவாயிடும், கோ சாவாயிடும். உங்க கேள்விக்கு, அதாவது ஆப்ல சரியா போட்டது ஆட்டத்துல ஏன் செத்துச்சுங்கறதுக்கு, பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும். படத்துல இருந்த வெளி மூச்சு உங்க ஆட்டத்துல இருந்திருக்காது.

எண்ணிக்கையைத் துரத்தாதீங்க. டைமர், ரேட்டிங், ஸ்ட்ரீக் எல்லாத்தையும் செட்டிங்ல அணைக்க முடிஞ்சா அணைங்க. ஒரு நாளைக்கு உங்களுக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கற கணக்கு பத்து, திணற வைக்கற கணக்கு ஒண்ணு, அந்த ஒண்ணை விடை பார்க்காம நாள் முழுக்க மண்டையில வெச்சுக்கிட்டு சுத்துங்க. கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு பஸ்ல ஏறினா நடுவட்டம் தாண்டறதுக்குள்ள ஒரு கணக்கை நாலு பக்கம் இருந்தும் பார்த்துடலாம், கையில போனே வேண்டாம். போட்ட கணக்கை ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சு திரும்பப் போடுங்க, அன்கி மாதிரி ஆப்ல படமா போட்டு வெச்சா அதுவே நாள் பார்த்து எடுத்துக் கொடுக்கும். இதுல ஒரு ஆபத்து, படம் மனப்பாடம் ஆயிடும், கணக்கு ஆகாது. அதனால திருப்பி வெச்சு, நிறம் மாத்தி வெச்சுப் போடுங்க, நிறைய டூல்ல மூலையைத் தானா மாத்திக் காட்டற வசதி இருக்கு, அதை எப்பவும் போட்டே வைங்க.

கடைசியா மழை. ஜூன்ல இருந்து உங்க பக்கம் எப்படிக் கொட்டும்னு எனக்குத் தெரியும், தமிழ்நாட்டுலயே ரொம்ப அதிகமா பெய்யற ஊர்கள்ல ஒண்ணுல உக்காந்திருக்கீங்க. எங்களுக்கு கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பர்ல அதே கதி, மரம் விழுந்தா ரோடும் போகும் லைனும் போகும். இதுக்கு வழி எஸ்ஜிஎஃப் ஃபைல். கோ ஆட்டத்தைப் பதியற ஃபைல் வடிவம் அது, ஆண்டர்ஸ் கீருல்ஃப் 1980கள்ல உருவாக்கினது, வெறும் எழுத்துதான், நோட்பேட்லயே திறந்து படிக்கலாம். ஏபின்னு இருந்தா முன்கூட்டியே வெச்ச கறுப்புக் காய், ஏடபிள்யூன்னா வெள்ளை, ஏஏன்னா இடது பக்க மேல் மூலைப் புள்ளி, அவ்வளவுதான் விஷயம். வெறும் எழுத்துங்கறதால ஒரு தொகுப்பு முழுசும் சேர்ந்தாலும் போன்ல எடுக்கற ஒரு போட்டோ அளவுதான் பிடிக்கும். மே மாசமே கூடலூர் டவுனுக்குப் போகும்போது நல்ல சிக்னல்ல கோக்யோ ஷூம்யோ, ஷுவான்ஷுவான் சீஜிங் ரெண்டையும் எஸ்ஜிஎஃபா இறக்கி லேப்டாப்லயும் போன்லயும் போட்டுக்கோங்க. சபாகி நெட் இல்லாம ஓடும், கட்டாகோவும் ஓடும். பழைய கணக்குகளுக்கு காப்புரிமைப் பிரச்சினை கிடையாது, இப்ப இருக்கறவங்க எழுதின விளக்கம், புதுத் தொகுப்பு எல்லாம் காசு கொடுத்து வாங்கறதுதான் முறை.

அப்படியே ஒரு ஐம்பது கணக்கை விடை இல்லாம பிரிண்ட் எடுத்து வைங்க, கரண்ட் இல்லாத சாயங்காலத்துக்கு. பலகையும் நீங்களே பண்ணிக்கலாம், மூலைக் கணக்குக்கு முழுப் பலகை எதுக்கு, சார்ட் அட்டையில 9க்கு 9 கோடு போட்டா போதும். காய்க்கு கேரம் காய் எடுத்துக்கோங்க, ஒரு செட்ல கறுப்பு 9, வெள்ளை 9 வரும், பக்கத்து வீட்டுல இன்னொரு செட் வாங்கிக்கிட்டா முக்கால்வாசிக் கணக்கை அடுக்கிடலாம். கேரம் காய் மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும், அதனால கோட்டுக்குக் கோடு 3.3 சென்டிமீட்டர் விட்டுப் போடுங்க, நெருக்கிப் போட்டா காய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பிரிண்ட்ல இருக்கற கணக்கை அதுல அடுக்குங்க, மறுபடியும் சொல்றேன், அடுக்கறதுக்கு மட்டும்தான் கை, விடையைக் கண்ணால முடிச்சுட்டு அப்புறம் ஆடிப் பாருங்க, சந்தேகம் நிக்கற கணக்குக்கு நம்பர் குறிச்சு வெச்சுட்டு கரண்ட் வந்ததும் சபாகியில திறங்க. அப்பவும் தீரலன்னா அந்த நிலையை எஸ்ஜிஎஃபா சேவ் பண்ணி இங்கயே போடுங்க, நீங்க யோசிச்ச முதல் மூணு ஆட்டத்தையும் கூடவே எழுதுங்க, ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் உக்காந்து பார்த்துட்டு பதில் எழுதறோம்.